சனிக்கிழமைக் கொக்குகள்

1

கொஞ்சம் கிட்டே வாருங்கள். இன்னும் கொஞ்சம். காற்று வரட்டும் என்று கதவைத் திறந்து வைத்திருக்கிறேன், ஆனால் என் குரல் வெளியே போகக் கூடாது. ரெண்டு ஏரிகளின் கதை ஒன்று சொல்கிறேன். எதையும் மறைக்காமல் சொல்வதாக வாக்குத் தருகிறேன். கடைசி வரியை மட்டும் கேட்காதீர்கள்.

பக்கத்து அறையில் என் அக்கா மல்லாட்டை உரித்துக்கொண்டிருக்கிறாள், நிலக்கடலைதான். அறுபத்து நாலு வயது. கண் மங்கிவிட்டது, காது மங்கவில்லை. நான் எழுதுகிற எதையும் முதலில் கேட்பவள் அவள்தான். அவளுக்கு எழுத்துத் தெரியாது. நான் படிப்பேன், அவள் "ம்" கொட்டுவாள். "இந்தப் பொம்பள இப்டிப் பேச மாட்டாடி" என்று அவள் சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே அடித்துவிடுவேன். இந்தக் கதையை மட்டும் அவளுக்குப் படிக்கவில்லை. ஏழு மாதமாகத் தலையணை உறைக்குள் கிடக்கிறது. மடிப்பில் தாள் கிழிய ஆரம்பித்துவிட்டது. அதனால்தான் உங்களைக் கூப்பிட்டேன்.

இது எங்கே பிறந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு தவளைப் பாட்டிலில் பிறந்தது.

இருபது வருஷம் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் பாட்டில் துடைத்தவள் நான். அந்த வேலையில் இருந்த என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு, பரிதாபப்பட்டு எனக்குக் கொடுத்தார்கள். அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது, கைநாட்டு. அலமாரியில் வரிசையாகப் பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் மூன்று வரிச் சீட்டு: பெயர், பிடித்த இடம், தேதி. பாட்டிலுக்குள் இருப்பதைப் பார்ப்பேன், வெளியே இருப்பதைப் பார்ப்பேன். தவளை இருந்தால் அந்த எழுத்து "த". தேள் இருந்தால் அதே "த"வுக்கு முன்னால் ஒரு சுழி. இப்படித்தான் படித்தேன். என் பள்ளிக்கூடம் முழுக்க மருந்து நெடி.

போன வருஷம், எண்பத்தெட்டில், ஓய்வு பெறும்போது பாட்டில்களை எண்ணி ஒப்படைக்க வேண்டியிருந்தது. தவளை வரிசையைத் துடைத்துக்கொண்டே சீட்டுகளைப் படித்தேன். பையன்கள் அறுத்துப் பார்ப்பதற்குச் செங்கல்வராயன் என்கிற ஆள் பிடித்துக் கொடுத்த தவளைகள். எழுபத்திரண்டு வரைக்கும் பாதிச் சீட்டில் "பெரியேரி", பாதியில் "சித்தேரி". எழுபத்திரண்டுக்கு மேல் பெரியேரி என்று ஒரு சீட்டுக்கூட இல்லை. எல்லாம் சித்தேரி.

[அடித்தது: அன்றைக்குத்தான் அதைக் கவனித்தேன்.]

கவனித்தது அன்றைக்கு இல்லை. எனக்கு முன்பே தெரியும். எப்போதிருந்து தெரியும் என்பதுதான் கதை.

(கட்டம் கட்டிய அடைப்புக்குள் இருப்பதெல்லாம் நான் அடித்த வரிகள், இல்லாவிட்டால் அடித்த காரணம். அழகாகப் படியெடுக்கும்போது விட்டுவிடலாம்தான். விடவில்லை. காரணம் பின்னால் வரும்.)

2

தொடக்கம் ஒன்று: "பாலாற்றுக்குத் தெற்கே, ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில், வெள்ளித் தட்டுப் போல ரெண்டு ஏரிகள் —"

[விட்டுவிட்டேன். வெள்ளித் தட்டாம்! பெரியேரிக் கரையில் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடியும். தோல் பதனிடுகிற ஷாப்புகளின் கழிவுத் தண்ணீர் முப்பது வருஷமாக அதில்தான் விழுந்துகொண்டிருந்தது.]

தொடக்கம் ரெண்டு: "ஐசக் என்ற அந்தக் கல்நெஞ்சக்காரர் —"

[இதை அடித்ததோடு நில்லாமல் தாளையே கிழித்தேன். கதையில் கெட்டவர் ஒருவர் வேண்டும் என்று நான் தேடியபோது கைக்கு எட்டியவர் அவர். எங்கள் துறைப் பேராசிரியர் ஐசக் சார் எறும்புப் புற்றைச் சுற்றிக்கொண்டு நடக்கிறவர்.]

தொடக்கம் மூன்று. இது நிற்கும் என்று நினைக்கிறேன்.

எண்பத்தொன்று கார்த்திகையில் கல்லூரிக்கு ஒரு கடிதம் வந்தது. எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை, ஏரிகளுக்கும் நான் வைத்த பெயர்தான். தோல் ஷாப்புகளின் கழிவு வாய்க்காலைத் திருப்பிக் கட்டப் போகிறார்கள். பெரியேரி, சித்தேரி இரண்டில் ஒன்றைக் காப்பாற்றி வைப்பது, மற்றொன்றுக்கு வாய்க்காலை விடுவது. எதில் உயிர் ஜாஸ்தியோ அதைக் காப்பாற்றலாம். எதில் ஜாஸ்தி என்று உங்கள் துறை பார்த்துச் சொல்ல வேண்டும். ரெண்டு மாதத்தில்.

ஏரியில் உள்ள எல்லா உயிரையும் யாரால் எண்ண முடியும்? மீன், நண்டு, நத்தை, தவளை, தட்டான், சேற்றுக்குள் நெளிகிற பேர் தெரியாத புழு. ஐசக் சார் அதற்கு ஒரு வழி சொன்னார். உலகம் முழுக்க அப்படித்தான் செய்கிறார்களாம். ஒரு கூட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்வது. கண்ணுக்குத் தெரிகிற, பேர் தெரிந்த கூட்டம். அதை எண்ணினால் மற்றதெல்லாம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும். அவர் தேர்ந்தெடுத்தது பறவையை.

"ஆஸ்பத்திரில நர்ஸம்மா இன்னா பண்றாங்க? உடம்பு பூராவும் அறுத்தா பாக்குறாங்க? மணிக்கட்டுல ரெண்டு விரல் வெச்சு நாடி பாக்குறாங்க இல்ல? பறவைதான் ஏரிக்கு நாடி" என்றார்.

இதைக் கேட்டுக்கொண்டு நின்றவன் காசிநாதன். துறையில் என்னோடு வேலை பார்த்த அட்டெண்டர். அவனுக்குத் தனபாக்கியம் என்று ஒரு அக்கா. சித்தேரிக் கரையில் முக்கால் ஏக்கர் கொல்லை, ஒரு கிணறு, கத்தரியும் மல்லியும் அதில்தான் விளையும். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. கிணற்றை "எம்மா பெரிய புள்ள பாரு எனக்கு" என்று காட்டுவாள்.

ஏரி போனால் கிணறு போகும், கிணறு போனால் அவள் போக இடமில்லை. கதை இதன்மேல்தான் நிற்கிறது.

3

சனிக்கிழமைகளில்தான் கல்லூரி ஜீப் காலியாக இருக்கும். அதனால் பெரியேரி சனிக்கிழமை. விடியும்போதே கரையில் இருப்பார்கள். ஐசக் சார் தூரக் கண்ணாடி வைத்துப் பார்த்துச் சொல்வார், காசிநாதன் நோட்டில் எழுதுவான்.

அப்படி ஒரு கூட்டம். கரையோரச் சேறு வெள்ளையாக இருக்கும், அத்தனை கொக்கு. உண்ணிக்கொக்கு, சின்னக் கொக்கு, சிவப்புக் காலை நீட்டி நடக்கிற நெடுங்கால் உள்ளான், வாலை ஆட்டிக்கொண்டே ஈ பிடிக்கிற வாலாட்டி, மேலே வட்டமடிக்கிற பருந்து. "எழுது, எழுது" என்பார் சார். எழுதிக் கை வலிக்கும். எட்டுச் சனிக்கிழமையில் நாற்பத்தொரு வகை.

சித்தேரி ஞாயிற்றுக்கிழமை. ஜீப் கிடையாது. சார் தன் ஸ்கூட்டரில் வர வேண்டும். ஆனால் ஞாயிறு காலை ஆராதனையில் வேதபாடம் வாசிப்பவர் அவர். பதினாறு வருஷத்தில் ஒரு ஞாயிறு தவறவில்லை. ஆராதனை முடிந்து, எல்லோருக்கும் தோத்திரம் சொல்லி, வேட்டியை மாற்றிக்கொண்டு சித்தேரிக்கு வந்து சேரும்போது மணி பதினொன்று. வெயில் மண்டையைப் பிளக்கும். ஏரி சும்மா கிடக்கும். நாலு முக்குளிப்பான், ஒரு மீன்கொத்தி.

தனபாக்கியம் மோர்ச் சொம்போடு வந்து நிற்பாள்.

"இன்னா சார், இந்நேரத்துக்கு வந்தா இன்னா இருக்கும்? எல்லாம் மேய்ச்சலுக்குப் போய்ட்டிருக்கும். எங்க ஏரிப் பட்சிங்க எல்லாம் வேலைக்குப் போற பட்சிங்க."

"ஞாயித்துக்கிழம கூடவாம்மா?"

"அதுங்களுக்கு ஏது சார் கோயிலு? விடிகாலைல வாங்க, காட்றேன். காது செவிடாய்டும்."

"விடிகாலைல முடியாதும்மா. கர்த்தருக்கு மொதல்ல கணக்குச் சொல்லிட்டுத்தான் கொக்குக்கு."

அவள் சிரித்துவிட்டு, சொம்பை நீட்டியபடியே சொன்னாள்: "அப்போ பட்சிய உடுங்க. நத்தைய எண்ணுங்க. தட்டானை எண்ணுங்க. ஐப்பசில வந்து தவளைய எண்ணுங்க. உங்க காலேஜிக்குத் தவள பூராவும் இங்கேர்ந்துதானே வருது? ரெண்டு கையும் பத்தாது சார் எண்றதுக்கு."

"ஃபாரத்துல தவளைக்கு எடம் இல்லம்மா."

"எடம் இல்லாட்டி ஓரமா எழுதுங்க. தவள இன்னா, நாற்காலியா கேக்குது?"

ஐசக் சார் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் கேட்காமல் விடவில்லை. தன் நோட்டில் ஒவ்வொரு நாளுக்கும் பக்கத்தில், ஓரமாக, மணியைக் குறித்துவைக்கச் சொன்னார். பெரியேரி: காலை 6.10. சித்தேரி: காலை 11.05. "மேல இருக்கவங்க நேரத்தப் பாத்தா சரிபண்ணிப்பாங்க" என்றார்.

காசிநாதன் சனிக்கிழமை சாயங்காலமே பஸ் பிடித்து அக்கா வீட்டுக்கு வந்துவிடுவான். ஞாயிறு விடியலில் ஏரிக்கரையில் முகம் கழுவுவான். தனபாக்கியம் சொன்னது பொய்யில்லை என்று அவனுக்குத் தெரியும். நீர்க்காகம், தாழைக்கோழி, இலைமேல் நடக்கிற இலைக்கோழி, பேர் தெரியாத சின்னதுகள். அவன் எண்ணவில்லை. எண்ணுவது சாரின் வேலை. பதினொரு மணிக்கு நோட்டைப் பிரித்து "முக்குளிப்பான், நாலு" என்று எழுதினான்.

எட்டு ஞாயிற்றுக்கிழமை. பதினெட்டு வகை.

* ஓடி வந்தவனை உட்கார வைக்காமல் நாடி பார்த்தால் நாடி பொய் சொல்லும். இது எனக்கு ஒரு நர்ஸ் சொன்னது. அவள் பெயர் கிருபா. அவளுக்கு இந்தக் கதையில் வேறு வேலை இல்லை, ஆனால் சொன்னது நல்ல பேச்சு, யாருடையது என்று எழுதாமல் விடக்கூடாது.

4

இந்த இடத்தில்தான் கதை என் கையை விட்டுப் போயிற்று.

எழுத வேண்டியது இதுதான். எண்பத்திரண்டு ஜனவரி. காசிநாதன் தெருக் குழாயடியில் ரஃபத் ஜஹானோடு பேசுகிறான். அவள் அடுத்த வீட்டுக்காரி. புருஷன் தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்கிறவர். காசிநாதன் அவளிடம் பெரியேரிக் கொக்குகளைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல, அவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கிறாள் —

[இதை நாலு தரம் எழுதினேன். நாலு தரமும் ரஃபத் ஜஹான் வாயைத் திறக்க மாட்டேன் என்றாள். ஏன் என்று ஐந்தாம் தரம்தான் புரிந்தது. அவள் எப்படி ஒரு ஆம்பிளையோடு குழாயடியில் நின்று சிரிப்பாள்? அவன் தலையைப் பார்த்தாலே முக்காட்டை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாளே.]

போதும். இன்னும் கிட்டே வாருங்கள்.

காசிநாதன் என்று யாரும் இல்லை. எங்கள் துறையில் அட்டெண்டர் ஒருத்திதான். பெயர் பூங்காவனம். நான்தான். ஜீப்பின் பின்சீட்டில் நோட்டைப் பிடித்தவள் நான். விடியலில் சித்தேரியில் முகம் கழுவியவள் நான். தனபாக்கியம் என் அக்கா. இப்போது மல்லாட்டை உரிக்கிற சத்தம் கேட்கிறதே, அதே தனபாக்கியம்.

இல்லாத ஒருவனைப் பிடித்து என் வேலையை அவன் தலையில் கட்டப் பார்த்தேன். மன்னித்துவிடுங்கள். மேலே உள்ள பக்கங்களில் அவன் பெயர் வருகிற இடத்தில் எல்லாம் என் பெயரைப் போட்டுப் படித்துக்கொள்ளுங்கள். நான் திருத்தி எழுதவில்லை. திருத்தாமல் விட்டால்தான் நான் செய்தது தெரியும்.

இப்போது ரஃபத் ஜஹான் தானாகவே பேசுகிறாள் பாருங்கள்.

"பூங்காக்கா, அது கொக்கு ஜாஸ்தியான ஏரியா? சனிக்கெழம போய்ப் பாத்தியா?"

"சனிக்கெழமதான்."

"அடிப் பாவி! வெள்ளிக்கெழம ஜும்மா, ஷாப்பு லீவு. வியாழன் தொட்டில ஊறப் போட்டது, லீவுல ஊறினது எல்லாத்தையும் சனிக்கெழம விடிஞ்சதும் எடுத்துச் சுரண்டுவாங்க. தோல் உள்பக்கம் ஜவ்வு இருக்குமே, அந்தச் சுரண்டல் ரெண்டு நாளுது ஒண்ணா வந்து ஏரில விழும். புழு, ஈ, எல்லாம். கொக்குங்களுக்கு அன்னிக்குத்தான் பிரியாணி. செவ்வாக்கெழம போய்ப் பாரு, காக்காகூட இருக்காது."

"சும்மா சொல்லாத."

"அல்லா சத்தியமா. எங்க வூட்டுக்காரரு சொல்வாரு, ஷாப்புல மேஸ்திரி லேட்டா வந்தாலும் கொக்குங்க டயத்துக்கு ஆஜர்னு."

ரெண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். குடம் நிரம்பி வழிந்தது. தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

எப்போதிருந்து தெரியும் என்பதுதான் கதை என்றேனே, அந்தக் குடத்தைத் தூக்கின நேரத்திலிருந்து.

5

அலுவலகத்துக்குத் தமிழில் ஒரு படி வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். துறையில் இருந்தது இங்கிலீஷ் டைப் மிஷின். நான் புதிதாக எழுதி ஒட்டிய பாட்டில் சீட்டுகளை ஐசக் சார் பார்த்திருக்கிறார். "நீங்களே எழுதிடுங்க பூங்காவனம். உங்க எழுத்து அச்சு மாதிரி இருக்கு" என்றார்.

இதை எப்படிச் சொல்வேன். முப்பத்தெட்டு வயது வரை கட்டைவிரலை உருட்டினவள். பாட்டிலையும் சாரின் நோட்டையும் தவிர வேறெதன் மேலும் என் எழுத்து ஏறியதில்லை. அது இப்போது பெரிய ஆபீசுக்குப் போகப் போகிறது. குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். சிவப்பு மையில் கோடு, நீல மையில் எழுத்து. அவர்கள் அச்சடித்து அனுப்பிய படிவத்தைப் பார்த்துக் கட்டம் போட்டேன்: தேதி. பறவையின் பெயர். எண்ணிக்கை. மூன்றே கட்டம்.

ஐந்தாம் பக்கம் முடிக்கும்போதுதான் சாரின் நோட்டில் ஓரமாக நானே குறித்த மணிகள் கண்ணில் பட்டன. காலை 6.10. காலை 11.05. படிவத்தில் நேரத்துக்குக் கட்டம் இல்லை.

[அடித்தது: எனக்கு என்ன தெரியும், படித்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன்.]

[அடித்தது: சாரிடம் கேட்கலாம் என்று போனேன், அவர் அறையில் இல்லை.]

இரண்டும் பொய். சார் இருந்தார். எனக்கும் தெரியும். சனிக்கிழமை என்றால் என்ன, பதினொரு மணி என்றால் என்ன என்று அந்த ஊரிலேயே என்னைப் போலத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஒரு பக்கம் ரஃபத் ஜஹான், ஒரு பக்கம் அக்கா, நடுவில் தவளைப் பாட்டில். மூன்றும் ஒரே ஆளுக்குத் தெரியும், அது நான்.

பிறகு ஏன்?

நேரத்தை எழுத வேண்டுமானால் நாலாவதாக ஒரு கட்டம் வேண்டும். ஐந்து பக்கத்தையும் மறுபடி கோடு போட வேண்டும். இல்லாவிட்டால் ஓரத்தில் எழுத வேண்டும். ஓரத்தில் எழுதினால் பக்கம் அசிங்கமாகிவிடும். அந்தப் பக்கங்கள் அத்தனை அழகாக இருந்தன, ஒரு அடித்தல் இல்லை, ஒரு திருத்தல் இல்லை.

அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் இருக்கும் என்று வருஷக்கணக்காகத் தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை.

ஏழு பக்கமும் முடித்தேன். ஐசக் சார் அன்று சாயங்காலம் சர்ச் கன்வென்ஷனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். புரட்டிப் பார்த்தார். "நேரமெல்லாம் போட்டாச்சா?" என்றார். "ம்" என்றேன். கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

அதோடு நிற்கவில்லை. தபாலில் சேர்ப்பதற்கு முன்னால் அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு அக்காவிடம் காட்டப் போனேன்.

"இது பூராவும் நீ எழுதினதாடி?"

"நான்தான்க்கா."

"இதுல எங்க ஏரி பேரு எங்க இருக்கு?"

காட்டினேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அந்த எழுத்தைத் தடவினாள். தாளைத் தூக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

(இனி அடித்த வரிகளை ஏன் விட்டுவைக்கிறேன் என்று கேட்க மாட்டீர்கள்.)

6

மீதி சீக்கிரம் சொல்லிவிடலாம். நடந்ததும் அப்படித்தான்.

நாற்பத்தொன்று, பதினெட்டு. பெரியேரி ஜெயித்தது. கரையில் பலகை நட்டார்கள். எண்பத்து மூன்று பங்குனியில் வாய்க்காலைத் திருப்பிச் சித்தேரிக்கு விட்டார்கள்.

அந்த வைகாசியில் அக்கா என்னைப் பார்க்க வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "ஏண்டி, உங்க சார்கிட்ட சொல்லு. எங்க ஏரில கொக்கு வந்து எறங்குது பாரு, ஐநூறு ஆயிரம்! சனிக்கெழம சனிக்கெழம வருது. அன்னிக்கு மோர் குடிச்ச புண்ணியம்."

நான் அவளுக்குச் சோறு போட்டேன். சனிக்கிழமை என்று அவள் சொன்ன சொல் என் இலையிலும் விழுந்தது. குழம்பை ஊற்றினேன்.

பெரியேரிக்குச் சுரண்டல் வருவது நின்றது. கொக்கும் நின்றது. பலகை மட்டும் நின்றுகொண்டிருந்தது. காப்பாற்றிய ஏரியில் காப்பாற்ற ஒன்றும் இல்லை.

சித்தேரியில் முதலில் நத்தை செத்து ஓடு மிதந்தது. பிறகு மீன். ஐப்பசியில் மழை கொட்டிய மறுநாள் அக்கா பஸ் ஏறி வந்தாள். வாசலில் செருப்பைக்கூட விடாமல் நின்றபடி சொன்னாள்: "மழ பெஞ்சுதுடி. ராத்திரி பூரா முழிச்சிகினு ஒக்காந்திருந்தேன். ஒண்ணுகூட கத்தல."

எண்பத்தைந்தில் அவள் வீட்டுப் பருப்பு வேகவில்லை. எவ்வளவு நேரம் கொதித்தாலும் கல்லாகக் கிடந்தது. பருப்பை மாற்றிப் பார்த்தாள், கடையை மாற்றிப் பார்த்தாள், கடைக்காரர் செங்கல்லை விற்கிறார் என்று ஊரைக் கூட்டினாள். அப்புறம்தான் தண்ணீரை வாயில் ஊற்றித் துப்பினாள். கிணறு உவர்த்துவிட்டிருந்தது. பிறகு நிறம் மாறியது. கத்தரி கருகியது. கடைசியாக மாடு வாளியை முகர்ந்து பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்ட அன்று அக்கா அதை ஓட்டிப்போய்த் திருப்பத்தூர்ச் சந்தையில் விற்றுவிட்டு, ஒரு டிரங்குப் பெட்டியோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

நாலு வருஷமாகிறது. இங்கே குழாய்த் தண்ணீர்தான். ஆனாலும் எந்தத் தண்ணீரைக் கொடுத்தாலும் முதலில் நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பாள். ஒரு நாளில் எத்தனை தரம் குடிப்பாளோ அத்தனை தரமும். நான் கொடுக்கிற தண்ணீரையும்.

ஐசக் சார் எண்பத்தாறில் ஒருநாள் சித்தேரியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பாட்டில் அறையில் என் ஸ்டூலில் உட்கார்ந்தார். தன் பழைய நோட்டைக் கையில் வைத்திருந்தார்.

"நாம நேரம் எழுதினோமே, பூங்காவனம்."

"ஃபாரத்துல கட்டம் இல்ல சார்."

நோட்டை மூடினார். பிறகு, "என் தப்புதான். நான் படிச்சுப் பாத்திருக்கணும். நான் ஒரு ஞாயித்துக்கெழமையாவது விடிகாலைல போயிருக்கணும். அந்தம்மா சொன்னாங்களே" என்றார். "இல்ல சார், என் தப்பு" என்று நான் சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. நான் அப்போது ஒரு பாட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தொடர்ந்து துடைத்தேன். அவர் அந்த அலுவலகத்துக்கு மூன்று கடிதம் போட்டார். தவளை, தட்டான், நத்தை, மீன், நீர்ச்செடி, பறவை என்று ஒன்றுக்கு ஒன்று சாட்சியாக வைத்துத்தான் எண்ண வேண்டும், ஒன்றை மட்டும் நம்பியது பிழை என்று எழுதினார். பதில் வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு எனக்குக் கார்டு போடுகிறார். ஒவ்வொரு கார்டிலும் "உங்கள் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லவும்." நான் அக்காவுக்குப் படிக்கும்போது அந்த வரியைத் தாண்டிவிடுவேன்.

7

முடிவுகள்.

(அ) நான் இதை அக்காவுக்குப் படிக்கிறேன். அவள் மல்லாட்டையை ஒதுக்கிவிட்டு என் தலையைத் தடவி, "போனது போச்சு உடுடி" என்கிறாள். [எழுதி முடித்ததும் அழுதேன். மறுநாள் அடித்தேன். என் கதையில் நானே என்னை மன்னித்துக்கொள்வதற்குத் தனபாக்கியத்தின் வாயை இரவல் வாங்கியிருக்கிறேன். காசிநாதனுக்குச் செய்ததையே இவளுக்கும் செய்கிறேன்.]

(ஆ) நான் படிக்கிறேன். அவள் டிரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு போகிறாள். [எங்கே போவாள்? அந்தக் கொல்லையில் இப்போது வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. இந்த முடிவை என்னால் —]

(இ) அவளுக்கு எப்போதோ தெரியும். சனிக்கிழமை, பதினொரு மணி, கண்ணில் ஒற்றிக்கொண்ட தாள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, தெரிந்தேதான் என் வீட்டுக்கு வந்தாள். தெரிந்தேதான் நான் கொடுக்கிற தண்ணீரை நாக்கில் தொட்டுப் —

[இதை முடிக்கவில்லை. முடித்தால் அந்த அறைக்குள் தண்ணீர் கொண்டுபோக எனக்குத் தைரியம் வராது.]

(ஈ) எண்பத்தொன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐசக் சாருக்குப் பதிலாக வேறு யாரோ வேதபாடம் வாசிக்கிறார்கள். அவர் விடியலில் சித்தேரிக் கரையில் நிற்கிறார். காது செவிடாகிறது. நான் நோட்டைப் பிரிக்கிறேன், கட்டம் போதவில்லை, ஓரமெல்லாம் எழுதுகிறேன், மை கொட்டுகிறது, பக்கம் அசிங்கமாகிறது, இன்னும் எழுதுகிறேன். [இதை அடிக்க மனம் வரவில்லை. அடித்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.]

"பூங்காவனம்!"

கேட்டதா? அவள்தான்.

"இன்னாடி, யாரோ வந்த மாதிரி இருக்கு? அங்க இன்னா குசுகுசுன்னு?"

"ஒண்ணுமில்லக்கா. ஒரு கதை."

"கதைன்னா எனக்குத்தானே மொதல்ல? சத்தமா படி. ஏழு மாசமா தலகாணிக்குள்ள வெச்சிகினு பொரண்டு பொரண்டு படுக்குறியே, அந்தக் கதையா?"

பார்த்தீர்களா.

என்னால் அவளுக்குப் படிக்க முடியாது. இந்தத் தாள்களை உங்கள் கையில் கொடுத்துவிடுகிறேன். பிடியுங்கள், மடிப்பில் கிழிந்திருக்கிறது, பார்த்து. இத்தனை நேரம் நான் தணிந்த குரலில் சொன்னேன், நீங்கள் கிட்டே உட்கார்ந்து கேட்டீர்கள். இனி படிப்பது உங்கள் வேலை. மனதுக்குள் படித்தால் ஒரு முடிவு. வாய்விட்டுப் படித்தால் வேறொன்று. கதவு திறந்துதான் இருக்கிறது. அவள் மல்லாட்டை உரிப்பதை நிறுத்திவிட்டாள்.

நீங்கள் எதைச் செய்தாலும் உங்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. இவ்வளவு தூரம் வந்து, இவ்வளவு கிட்டே உட்கார்ந்து கேட்டீர்கள். உங்கள் வீடு நன்றாக இருக்கட்டும். உங்கள் கிணற்றை முதலில் நாக்கில் தொட்டுப் பார்க்காமல், தாகத்தோடு அப்படியே அள்ளிக் குடிக்கிற பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருக்கட்டும். உங்கள் அடுப்பில் ஒரே கொதியில் பருப்பு வேகட்டும். முதல் மழை பெய்த ராத்திரியில், உங்கள் வீட்டைச் சுற்றித் தவளைகள் கத்தி, உங்களில் ஒருவருக்கும் தூக்கம் இல்லாமல் போகட்டும்.